பணத்தைத் திட்டாதே மச்சான்

அன்பின் மச்சான்,

இங்கு எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோவு கூடிக் குறைகிறது, மற்றப்படி ஒன்றுமில்லை. பெரும்போக வெட்டு முடிந்தது. நெல்லு விலை வழக்கம்போலத்தான். வெட்டு மெசினுக்கும் உழவுக்கும் உரத்துக்கும் கழித்தால் கையில் நிற்பது கொஞ்சம். கட்டையன் மகளுக்குக் கல்யாணம் முற்றாகிவிட்டது, மாப்பிள்ளை களுவாஞ்சிக்குடி. உன்னைக் கட்டாயம் வரச் சொன்னான், வராவிட்டால் அந்தக் கிணற்றுக் கதையை உன் பிள்ளைகளுக்குச் சொல்வானாம். சரி, விசயத்துக்கு வருகிறேன்.

உன் குரல் பதிவை ராத்திரி கேட்டேன். நித்திரை வரவில்லை. "நீங்கள் அங்க கஞ்சியும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டு சந்தோசமா இருக்கிறீங்க, நான் இஞ்ச எல்லாத்தையும் வச்சுக்கொண்டு ஒண்டுமில்லாதவனா இருக்கிறன், காசு ஒரு மனுசனுக்கும் நிம்மதி தராது" என்று சொல்லியிருந்தாய். கையிலுள்ள காசைக் கோயில் கோபுர வேலைக்குக் கொடுக்கவா, ஊர் வீட்டுக்கு மதில் கட்டவா என்றும் கேட்டிருந்தாய். உன் மனவருத்தம் எனக்கு விளங்குகிறது. ஆனால் நீ சொன்னதில் பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. போனில் சொன்னால் குறுக்கே பாய்வாய், பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே உன் பழக்கம் அது. அதனால்தான் எழுதுகிறேன். முழுவதையும் வாசித்துவிட்டுச் சண்டைக்கு வா.

பாதையடி அக்காவை ஞாபகம் இருக்கிறதா? மண்முனைத் துறையில் வாவியைக் கடக்கிற பாதைப் படகு வரும்வரைக்கும் அவரிடம் கச்சான் வாங்கித் தின்போமே, நீ கொடுக்க வேண்டிய கடன் இன்னும் அவர் கணக்கில் இருக்கும். 2014இல் ஜப்பான்காரரின் உதவியில் பாலம் வந்தது, பாதை நின்றது, அவருடைய யாவாரமும் நின்றது. மறுகா கொக்கட்டிச்சோலைப் பக்கம் சின்னதாக ஒரு கடை போட்டார். புருசனுக்குக் குத்தகை வயல். எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. 2021இல் இரசாயன உரத்தை இறக்கக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டதல்லவா, அதில் விழுந்தது அடி. தடையை எடுக்கும்போது கார்த்திகை மாதம், விதைப்பு முடிந்து பயிர் மஞ்சளடித்து நின்றது. போட்ட செலவுகூட வரவில்லை. வயல் சொந்தக்காரனுக்குக் குத்தகை கொடுக்கக் கிழமைக்குக் கிழமை கட்டுகிற கடன் எடுத்தார். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க மற்றொன்று.

இந்தக் கடன் எப்படி நடக்கிறது என்று உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தது. பெரும்பாலும் பெண்களுக்குத்தான் கொடுப்பார்கள். அயலிலுள்ள சில பெண்களை ஒரு குழுவாகச் சேர்த்து, ஒருத்திக்கு மற்றவர்களைப் பிணையாக வைப்பார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் பங்கையும் போட வேண்டும். காசு சேர்க்க வருகிற பொடியன் தவணை முழுதாகச் சேரும்வரை முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொள்வான். அவனைக் குறை சொல்ல முடியாது, அவனுக்கும் மேலே ஒருவன் போன் எடுத்துக் கத்துகிறான். ஆனால் சின்ன வயதிலிருந்து ஒன்றாகத் திரிந்த பெண்கள் அந்தக் கடனால் முகம் பார்க்காமல் போனார்கள். அக்காவுக்குத் தவணை நாள் செவ்வாய்க்கிழமை. திங்கள் பின்னேரமே அவருக்கு வயிறு பிரட்டத் தொடங்கிவிடுமாம். பின்கதவால் வயலுக்குப் போய் இருட்டும்வரை வரம்பில் இருந்த நாட்களும் உண்டு என்று அவரே சொன்னார். அதற்குப் பிறகு 2022. சித்திரையில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது, செப்ரெம்பர் வரும்போது விலைவாசி முந்தின வருசத்தைவிட ஏறக்குறைய 70 வீதம் ஏறிப்போயிற்று. அந்த வருசத்தில்தான் தாலிக்கொடியை எங்கள் வங்கியில் ஈடு வைத்தார். நான்தான் உரைத்து, நிறுத்து, உறையில் போட்டு எழுதினேன். கழுத்தில் கவரிங் கொடி போட்டுக்கொண்டு போனார்.

போன கிழமை வந்து மீட்டார் மச்சான். மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய காசு, கடைக் காசு, ஒரு சீட்டுக் காசு. மற்றக் கடன்களும் முடிந்துவிட்டனவாம். உறையைப் பிரித்துக் கொடுத்தேன். வாங்கிக் கழுத்தில் போடவில்லை. "தம்பி, திருப்பி ஒருக்கா நிறுங்க" என்றார். தராசில் வைத்தேன். இலக்கத்தைக் குனிந்து பார்த்தார். உறையில் எழுதியிருந்ததையும் பார்த்தார். "அது அப்படியேதான் இருக்கு, நான்தான் இளைச்சுப்போனன்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு, "இனிச் செவ்வாய்க்கிழமை எண்டா எனக்கு ஒண்டுமில்ல" என்றார்.

அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். காசு நிம்மதி தராது என்று அவரிடம் போய்ச் சொல்லிப் பார். ஒரு மனுசியின் நித்திரையை, ஒரு தெருவின் சிநேகிதத்தை, எல்லாவற்றையும் திருப்பி வாங்கிக் கொடுத்தது காசுதான். கஞ்சியும் சம்பலும் உனக்கு ஆசைச் சாப்பாடு. இங்கே சில வீடுகளில் வேறு ஒன்றுமில்லாத நாளில்தான் அது. எங்கள் வறுமையைப் பார்த்துச் சந்தோசம் என்று சொல்லாதே. அது எனக்கு உறைத்தது, ஒளிக்காமல் சொல்கிறேன்.

என் சின்னவன் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிக்கிறான், உனக்குத் தெரியும். உன் கதையை அவனிடம் சொன்னேன், பேரைச் சொல்லாமல்தான். அவன் ஒரு பெரிய விரிவுரையே வைத்துவிட்டான். 1974இல் ஈஸ்டர்லின் என்று ஓர் அமெரிக்கப் பொருளியலாளர் ஒரு விசித்திரத்தை எடுத்துக் காட்டினாராம். ஒரு நாட்டுக்குள், ஒரு காலத்தில் பார்த்தால் பணக்காரர் ஏழைகளைவிடச் சந்தோசமாக இருக்கிறார்கள். ஆனால் நாடு முழுவதும் வருசக்கணக்காகப் பணக்கார நாடாகிக்கொண்டு போனாலும் சனங்களின் சராசரிச் சந்தோசம் அதற்கேற்ப ஏறுவதில்லை. மனுசன் தன் கையில் உள்ளதை அடுத்தவன் கையில் உள்ளதோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறான் என்பது அவர் சொன்ன முக்கியமான காரணம். எல்லோரும் சேர்ந்து ஏறினால் யாரும் ஏறினதாகத் தெரியாது.

இதைக் கேட்டதும் எனக்கு அமெரிக்கா ஞாபகம் வரவில்லை, நம்மட சீதன வீடுகள்தான் வந்தன. உன் தங்கச்சிக்கு அப்பா கட்டிக் கொடுத்த வீட்டை நினைத்துப் பார். இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஓட்டுக் கூரை. குடிபுகுந்த அன்றைக்கு ஊரே வந்து வாயைப் பிளந்தது. இப்போது அதே வீட்டைக் கொடுத்தால் மாப்பிள்ளை வீட்டார் தேத்தண்ணி குடிக்காமல் எழும்பிப் போவார்கள். மாபிள் நிலம் வேண்டும், உள்ளேயே பாத்ரூம் வேண்டும், இப்போது மேல்மாடியும் கேட்கிறார்கள். தகப்பன் கட்டாருக்கோ சவூதிக்கோ போய்ப் பிள்ளை வளர்வதைப் போனில் பார்த்துப் பார்த்துக் கட்டுகிறான். கட்டி முடித்து மகளிடம் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் வளவின் மூலையில் ஒரு சின்ன அறையில் ஒதுங்குகிறார்கள். அந்தக் காலத்து மகளைவிட இந்தக் காலத்து மகள் கூடச் சந்தோசமாக இருக்கிறாள் என்று யாராவது சத்தியம் பண்ணட்டும். கட்டையன் இந்தக் கல்யாணத்துக்கு நிலம் விற்றிருக்கிறான். கேட்டால், "அடுத்த வீட்டுக்காரன் செய்துபோட்டான், நான் என்ன செய்ய" என்கிறான். ஊரில் நீ கட்டின மேல்மாடி வீடும் இதில் சேர்த்திதான் மச்சான், கோபிக்காதே. ஒருவரும் குடியில்லாத வீடு, ஆனால் அதைப் பார்த்துத்தான் அந்தத் தெருவில் மூன்று மதில் உயர்ந்தது.

ஆக, கடனில் மூழ்கினவனைக் காசு கரையேற்றும். கரையில் நிற்பவன் அடுத்தவனைப் பார்த்துப் பார்த்துச் சேர்க்கிற காசு அவ்வளவு தூரம் கொண்டுபோகாது. இதுவரைக்கும் உனக்கும் எனக்கும் பெரிய சண்டை இல்லை என்று நினைக்கிறேன்.

இனித்தான் உன்னுடைய விசயம். இதை எப்படி எழுதுவது என்றுதான் இரண்டு மூன்று நாளாக யோசித்தேன். 2010இல் கானமன், டீற்றன் என்று இரண்டு பேர், இரண்டு பேருமே நோபல் பரிசு வாங்கினவர்கள், அமெரிக்காவில் ஆராய்ந்து வருசத்துக்கு 75,000 டொலர் வருமானத்துக்கு மேல் போனால் அன்றாடச் சந்தோசம் கூடுவதில்லை என்றார்கள். பத்திரிகையெல்லாம் அதைத்தான் எழுதின, நீ கேள்விப்பட்டதும் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் 2023இல் கானமனே, அதை மறுத்த கிலிங்ஸ்வேத் என்ற ஆராய்ச்சிக்காரரோடு சேர்ந்திருந்து திரும்பப் பார்த்தார். பெரும்பாலானவர்களுக்கு வருமானம் ஏற ஏறச் சந்தோசமும் ஏறிக்கொண்டுதான் போகிறது. மனவருத்தம் கூடின ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் ஒரு கட்டத்தோடு நின்றுவிடுகிறது. பறிகொடுத்த துக்கம், பிரிவு, மனச்சோர்வு போன்றவை அந்தக் கட்டத்துக்கு மேல் காசால் குறைவதில்லை என்று அவர்கள் விளங்கப்படுத்துகிறார்கள்.

சின்னவன் இதைச் சொல்லும்போது நான் பேசாமல் எழும்பிப் போய்விட்டேன். உன் நிலைமை அதுதானே மச்சான். உன் மனுசி, தங்கச்சி, செத்துப்போன பிறகுதானே நீ இப்படிக் கதைக்கத் தொடங்கினாய்? அவள் இருந்தபோது அந்த வீட்டையும் காரையும் நீ ஒருநாளும் திட்டியதில்லை. பனியில் வேலைக்குப் போய் வந்து, அவள் அவித்த பிட்டைச் சாப்பிட்டுக்கொண்டு எனக்குப் போன் எடுத்து, புது சோபாவின் விலையைச் சொல்லிப் பீற்றிக்கொண்டவன் நீ. அது பொய்ச் சந்தோசம் இல்லை. நீங்கள் இரண்டு பேரும் உழைத்து வாங்கினது. இப்போது அவள் இல்லாத வெறுமை பெரிதாக இருக்கிறது, பழியைக் காசின் தலையில் போடுகிறாய். காசைத் திட்டினால் அழத் தேவையில்லை அல்லவா. நீ இன்னும் சரியாக அழவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். செத்தவீட்டுக்கு என்னால் வரமுடியவில்லை, விசா தரமாட்டோம் என்றார்கள். பக்கத்தில் இருந்திருந்தால் இதையெல்லாம் அப்போதே சொல்லியிருப்பேன்.

ஹாவட் பல்கலைக்கழகத்தில் 1938இல் தொடங்கி இன்னும் நடந்துகொண்டிருக்கிற ஓர் ஆய்வு இருக்கிறது. அதே மனிதர்களை வாலிபத்திலிருந்து கிழவராகும்வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். வயதுபோன காலத்தில் சுகமாகவும் மகிழ்ச்சியாகவும் இருப்பதற்கு, நெருக்கமான மனிதர்கள் இருப்பதுதான் பெரிய துணை என்று கண்டார்கள். உனக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? மகன் வேறு நகரம். ஞாயிறுகளில் கோயிலுக்குப் போகிறாயா, இல்லையா? மறைக்காமல் எழுது.

நீ பூட்டானைப் பற்றியும் சொன்னாய். மொத்தத் தேசிய மகிழ்ச்சி என்பதை 2008இல் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்த நாடு, நல்ல விசயம்தான். ஆனால் அங்கிருந்தும் இளம் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக அவுஸ்திரேலியாவுக்கு உழைக்கப் போகிறார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

எனக்கு வேறொன்று பெரிதாகப் படுகிறது. ஒருவரின் பெட்டிக்குள்ளும் இல்லாத செல்வம். மண்முனைப் பாலத்தையே எடு. முந்தி ராத்திரியில் பாம்பு கடித்தால் பாதைக்காரனை எழுப்ப வேண்டும், இப்போது ஓட்டோ நேரே மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறது. அங்கே வைத்தியத்துக்குக் காசில்லை. உன்னையும் என்னையும் படிப்பித்ததும் கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்விதான். நம்மட இரண்டு பேரின் அப்பாமாராலும் பள்ளிக்கூடக் காசு கட்டியிருக்க முடியாது. வருமானம் குறைந்த நாடாக இருந்தும் நாங்கள் நீண்டகாலம் உயிர்வாழ்ந்தோம், எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாக இருந்தோம் என்று பொருளியலாளர் அமர்த்தியா சென் கேரளாவையும் எங்களையும் சேர்த்து எடுத்துச் சொன்னதற்குக் காரணம் இதுதான். இதெல்லாம் காசுதான், ஆனால் மதில் உயர்த்தாத காசு.

அதனால் நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்தக் காசைக் கோபுர வேலைக்குக் கொடுக்கவா, வீட்டுக்கு மதில் கட்டவா என்று கேட்டாய். மதில் வேண்டாம். கோபுரத்துக்குக் கொஞ்சம் கொடு, தங்கச்சி பேரில் கொடு, அவளுக்கு அம்மனில் அவ்வளவு பக்தி. மிச்சத்தை ஊர் மாதர் சங்கத்தில் சுழற்சிக் கடனாகப் போடலாம். வட்டியில்லாமல், வங்கிக் கணக்கில், இரண்டு பேர் கையெழுத்தோடு. உரம் வாங்க, பிள்ளைக்குப் பள்ளிச் சாமான் வாங்க, ஈட்டை மீட்க. கணக்கை நான் எழுதுகிறேன், வருசத்தில் ஒருமுறை உனக்கு அனுப்புகிறேன். பாதையடி அக்காவைத் தலைவியாகப் போட்டால் ஒரு சதம் தவறாது. கடன்காரி படுகிற பாடும் அவருக்குத் தெரியும். இது என் யோசனை, முடிவு உன்னுடையது, காசு நீ உழைத்தது.

வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்குக்கு வா. வீட்டைத் திறந்து கூட்டிவைக்கச் சொல்கிறேன், ஆனால் நீ படுப்பது எங்கள் வீட்டில். கட்டையன் மகளின் கல்யாணமும் அந்த மாதம்தான் நாள் பார்க்கிறார்கள். ரிக்கற் போட்டால் திகதியை அனுப்பு, கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நானே வருகிறேன். ஞாயிறு எங்கள் இரவு எட்டு மணிக்குப் போன் எடு, உனக்குக் காலை பத்தரையாக இருக்கும். அம்மாவும் உன்னோடு கதைக்க வேண்டுமாம், அவருக்குச் சத்தமாகக் கதை.

அன்புடன்,
உன் மச்சான்