விரதமும் சர்க்கரை மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தைப்பூசம் நெருங்கிவிட்டது, விரதம் இருந்தால் புற்றுநோய் அண்டாது, இனிப்புநீர் (சர்க்கரை நோய்) ஓடிப்போகும், இதற்கு நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள் என்ற வாட்சாப் செய்திகளும் மறுபடி சுற்றுகின்றன. 2016இல் ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்குப் பரிசு கிடைத்தது உண்மைதான். ஆனால் அவர் ஆராய்ந்தது, ஈஸ்ட் செல்கள் தம் பழைய பாகங்களைத் தாமே சிதைத்து மறுபடி பயன்படுத்தும் முறையை. மனிதர் பட்டினி கிடந்தால் நோய் தீரும் என்று அவர் நிரூபிக்கவில்லை.

சரி, எடை குறையுமா? குறையும், சாப்பாட்டின் அளவு குறைவதால். சீனாவின் குவாங்சோவில் உடல் பருமன் உள்ள 139 பேரை ஓராண்டு கவனித்து 2022இல் வெளியான ஆய்வில், எல்லாருக்கும் சாப்பாட்டைக் குறைத்து, ஒரு பிரிவினரை மட்டும் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் சாப்பிடச் சொன்னார்கள். அவர்களுக்குச் சராசரியாக 8 கிலோ, மற்றவர்களுக்கு 6.3 கிலோ குறைந்தது. புள்ளியியல்படி அது பெரிய வித்தியாசம் இல்லை.

என் கவலை வேறு. நம் மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இனிப்புநீர். பக்கத்து வீட்டு அக்கா போன வருடம் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் வழக்கமான கிளிக்லசைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு விரதம் இருந்து, சாமி மேடை முன்னால் கை நடுங்கி, உடுத்திய புடவை நனைய வேர்த்து உட்கார்ந்துவிட்டார், சீனித் தண்ணீர் கொடுத்த பிறகுதான் பேச்சு வந்தது. சாப்பிடாமல் மாத்திரை போட்டதால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிட்டது. இன்சுலின் போடுபவர்களுக்கும் இதே ஆபத்து. நோன்பு மாதத்துக்கு முன்னால் முஸ்லிம் நோயாளிகளுக்கு டாக்டர்கள் மருந்தின் அளவை, நேரத்தை மாற்றிக் கொடுக்கிறார்கள், நாமும் மாலை போடுவதற்கு முன்பே கிளினிக்கில் வாய் திறந்து கேட்க வேண்டும், கோயில் நிர்வாகங்களும் இதை அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கட்டும்.

வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு