அடுப்பைக் கொடுத்தால் போதாது, அதற்குப் பின்னும் ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொலைதூரக் கிராமங்களுக்குப் புகை குறைந்த, விறகு மிச்சப்படுத்தும் அடுப்புகள் போய்ச் சேருவது நல்ல செய்தி. ஆனால் அந்தச் செய்திகளில் எத்தனை அடுப்பு வழங்கப்பட்டது என்ற எண் மட்டுமே பெரிதாக இருக்கிறது. ஓராண்டு கழித்து அவற்றில் எத்தனை எரிகின்றன, பக்கத்திலேயே பழைய மூன்று கல் அடுப்பும் எரிகிறதா என்று யாரும் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை. பராமரிப்புக்கு முதல் நாளே பணமும் ஆளும் ஒதுக்காத அடுப்புத் திட்டம் எதற்கும் நிதி கொடுக்கக் கூடாது என்பதே எங்கள் கோரிக்கை. அதற்கான காரணம் அடுப்பின் அமைப்பிலேயே இருக்கிறது.

மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் 10 முதல் 15 சதவீதம்தான் பாத்திரத்துக்குப் போகிறது. சிறு வாய் வழியாக விறகை வைத்து, நெருப்பு மேலே எழும் குழாய் போன்ற எரியறையில் எரிக்கும் அடுப்பை ராக்கெட் அடுப்பு என்பார்கள். நன்றாகச் செய்த ராக்கெட் அடுப்பில் இது 30 சதவீதத்தைத் தாண்டும். புகை என்பது எரியாமல் தப்பித்த விறகுதான். அதை அடுப்புக்குள்ளேயே எரித்துவிட வேண்டும், பிறகு அந்தச் சூட்டைப் பாத்திரத்தின் மேல் உரசிப் போக வைக்க வேண்டும். இந்த இரண்டாவது வேலையில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். எரியறை 12 செ.மீ. விட்டம் என்றால், அதன் மேல்விளிம்புக்கும் பாத்திரத்தின் அடிக்கும் நடுவே விட்டத்தில் கால் பங்கு, அதாவது 3 செ.மீ. இடைவெளி வேண்டும். அப்போதுதான் வாயு போகும் வழி எங்கும் ஒரே பரப்பாக இருக்கும். 24 செ.மீ. பாத்திரத்தின் ஓரத்துக்கு வரும்போது 1.5 செ.மீ. போதும். இடைவெளி கூடினால் சூடு பாத்திரத்தைத் தொடாமலே போய்விடும். குறைந்தால் இழுவை, அதாவது சூடான வாயு மேலே ஏறிக் காற்றை உள்ளே இழுக்கும் ஓட்டம், அடைபட்டு, விறகு வைக்கும் வாய் வழியாகப் புகை திரும்பி வரும். தீ நன்றாகத் தெரியட்டும் என்று பாத்திரத்தின் அடியில் கல் வைத்து உயர்த்துகிறார்கள். அந்த ஒரு செயலில் விறகுச் சிக்கனம் பெரும்பகுதி போய்விடுகிறது.

அடுத்த தவறு சுவரில். உறுதியாக இருக்கட்டும் என்று கனமான மண்ணிலோ சிமென்டிலோ எரியறையைக் கட்டுகிறார்கள். அந்தச் சுவர் சூடேறும் வரை நெருப்பின் வெப்பத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். அதற்குள் சமையல் பாதி முடிந்துவிடும். எரியறைக்கு வேண்டியது கனமில்லாத, வெப்பம் கடத்தாத பொருள். களிமண்ணில் மரத்தூளை நிறையக் கலந்து சுட்டால், தூள் எரிந்துபோய் உள்ளே நுண்துளைகள் உண்டாகும். ஒரு கன செ.மீ.க்கு ஒரு கிராமுக்கும் குறைவாக எடையுள்ள செங்கல் கிடைக்கும். அதைச் சுற்றி உலர்ந்த சாம்பலை நிரப்பலாம். ஆனால் இந்தச் செங்கல் மென்மையானது, விறகு இடித்து இடித்து வாய்ப்பகுதி உதிரும். அங்கே மட்டும் கெட்டியாகச் சுட்ட ஓடு ஒன்றை வைத்து, தேய்ந்ததும் மாற்ற வழி செய்ய வேண்டும். மாற்று ஓடு கிராமத்தில் கிடைக்காவிட்டால் அந்த அடுப்பின் ஆயுள் அவ்வளவுதான்.

விறகைக் கட்டைவிரல் பருமனுக்குப் பிளந்து, அடுப்பின் வாயில் விறகைத் தாங்கும் தட்டின் மேல் வைத்து, நுனி மட்டும் எரியும்படி உள்ளே தள்ளிக்கொண்டே போக வேண்டும். காற்று தட்டுக்கு அடியில் போக வேண்டும். புதிதாக வெட்டிய விறகின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். அதை ஆவியாக்கச் செலவாகும் சூட்டைவிட, நெருப்பைக் குளிரவைத்துப் புகை எழுப்புவதே பெரிய கேடு. மழைக்கு முன்பே விறகை உலர்த்தி அடுக்க இடம் வேண்டும், பிளக்க நல்ல கோடரி வேண்டும். இந்தக் கூடுதல் உழைப்பு யார் தலையில் விழுகிறது என்று கேட்காமல் வடிவமைத்தால், சிறு வாய் கொண்ட அடுப்பு ஒரு மூலைக்குப் போய்விடும். அதைப் பயன்படுத்துவோரின் அறியாமை என்று சொல்வது அநியாயம்.

புகைபோக்கிக்கு வருவோம். 10 செ.மீ. குழாயின் உள்ளே சுற்றிலும் ஒரு செ.மீ. கரி படிந்தால் மிஞ்சும் பரப்பு 64 சதவீதம்தான். இழுவை குறையும், புகை வீட்டுக்குள் வரும், படிந்த கரியே ஒருநாள் தீப்பிடிக்கும். மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும். அதற்குக் குழாயின் அடியில் திறக்கும் மூடி இருக்க வேண்டும். கூரையின் மேல் ஏறினால்தான் துடைக்க முடியும் என்றால் யாரும் துடைக்கப் போவதில்லை. வேய்ந்த கூரையாக இருந்தால் குழாய் அதைத் தொடவே கூடாது, சுற்றிலும் தகடும் இடைவெளியும் கட்டாயம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விறகு மிச்சப்படுத்தும் அடுப்பு எல்லாமே உடல்நலம் காக்கும் அடுப்பு ஆகிவிடாது. குவாத்தமாலாவில் புகைபோக்கி அடுப்பை வைத்து நடந்த, 2011இல் வெளியான ஆய்வில், குழந்தைகள் சுவாசித்த கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைந்தது. ஆனாலும் மருத்துவர் கண்டறிந்த நிமோனியா மொத்தத்தில் உறுதியாகச் சொல்லும் அளவு குறையவில்லை. கடுமையான நிமோனியா மட்டுமே குறைந்தது. மலாவியில் மின்விசிறி வைத்த அடுப்புகள் கொடுத்தும் நிமோனியாவில் வித்தியாசம் தெரியவில்லை. புகை பாதியானால் நோயும் பாதியாகும் என்ற கணக்கு இங்கே செல்லாது. நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த ஆண்டு வரம்பு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். திறந்த அடுப்பு எரியும் சமையலறையில் அது நூற்றுக்கணக்கில் இருக்கும். எனவே எரிவாயுவோ மின்சாரமோ தடையின்றிப் போய்ச் சேரும் இடங்களில் அதையே கொடுக்க வேண்டும். அவை எட்டாத ஊர்களுக்குத்தான் நல்ல விறகு அடுப்பு, அதுவும் உள்ளபடி விறகுச் சிக்கன அடுப்பு என்ற பெயரிலேயே போகட்டும்.

அளப்பதிலும் நேர்மை வேண்டும். ஆய்வகத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து எடுத்த எண் வீட்டுக்குப் பொருந்தாது. அந்தந்த வீட்டிலேயே, புது அடுப்புக்கு முன்பும் பின்பும், குறைந்தது மூன்று நாள் விறகை எடை போட வேண்டும். இரண்டு அடுப்பிலும் சிறிய வெப்பநிலைப் பதிவுக்கருவி வைத்தால் எது எரிகிறது என்று தானே தெரிந்துவிடும். அடுப்புத் திட்டங்களின் கார்பன் வரவுகள், அதாவது குறைத்ததாகச் சொல்லும் கரிம வெளியேற்றத்துக்கு ஈடாக விற்கப்படும் சான்றுகள், உண்மையைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு கூட்டிக் கணக்கிடப்பட்டிருப்பதாக 2024இல் ஓர் ஆய்வு காட்டியது. எடை போடாமல் மதிப்பிட்ட கணக்கை நம்பிப் பணம் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

எனவே ஒவ்வொரு ஊரிலும் அடுப்பைப் புழங்குவோரில் இருவருக்காவது பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்து, அதற்குக் கூலியும் கொடுக்க வேண்டும். வாய் ஓடு, விறகுத் தட்டு, புகைபோக்கியின் அடித்துண்டு ஆகிய மூன்றும் அவர்களிடம் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். அடுப்பு வழங்கும் செய்தியை வெளியிடும்போது, இந்த மூன்றும் யாரிடம் இருக்கின்றன என்பதையும் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு எழுதும்படி வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
விறகு அடுப்பு வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் ஈடுபட்டுள்ள சிலர்