என் வலது கைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அக்கா, அண்ணன், பாய், மேடம், எல்லோருக்கும் வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பட்டு ஜாக்கெட்டை முழுசாக நானே வெட்டினேன். முன்பாகம், முதுகு, கை, கழுத்துப் பட்டி, லைனிங் எல்லாவற்றுக்கும் என் கத்திரிதான், என் கைதான். முடித்துக் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு முழங்கையைத் தடவிப் பார்த்தேன். வலி இல்லை. காலையில் எழுந்து மறுபடி தடவிப் பார்த்தேன். அப்போதும் இல்லை. 11 மாதமாக இதற்குத்தான் காத்திருந்தேன். தெருவில் பார்க்கும்போதெல்லாம் "கை பரவாயில்லையா?" என்று கேட்கிறீர்கள், நானும் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறேன். நீங்கள் செய்தது அந்த ஒரு வார்த்தையில் அடங்காது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் 17 வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட், சுடிதார், ஃபால்ஸ், ஜூன் மாதம் வந்தால் ஸ்கூல் யூனிஃபார்ம். போன வருஷம் யூனிஃபார்ம் ஆர்டர் எப்போதும் வருவதைவிட அதிகம். கெட்டித் துணியை நாலு மடிப்பாகப் போட்டு ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் வெட்டினேன். அதற்கு முன்னாலேயே விடியற்காலையில் அடிபம்பில் தண்ணி அடித்து மாடிக்குக் குடம் குடமாகத் தூக்கியிருப்பேன். நம் பக்கத்தில் இதெல்லாம் யாருக்கும் புதுசு இல்லை.

ஜூலையில் ஒருநாள் டீ டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. முழங்கைக்கு வெளிப்பக்கம் ஒரு எலும்பு மேடு இருக்கிறதே, அங்கே யாரோ ஊசியால் குத்தியதுபோல் இருந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. ஈரப் புடவையைப் பிழிய முடியவில்லை. பால் பாக்கெட்டைத் தூக்கினால் வலி, டப்பா மூடியைத் திருகினால் வலி. மகளுக்குச் சடை பின்னிவிடும்போது பாதியில் கையை எடுத்துவிட்டேன். அவள் திரும்பிப் பார்த்து, "விடும்மா, நானே போட்டுக்கறேன்" என்று சொன்னாள். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு க்ளினிக்கில் ஊசி போட்டார்கள். ஸ்டீராய்டு ஊசி. மூன்றாவது நாள் வலி காணாமல் போய்விட்டது. நான் சந்தோஷமாகத் தீபாவளி ஆர்டர் அத்தனையும் எடுத்துக்கொண்டேன். சரியாக ஒன்றரை மாதம். அதன் பிறகு முன்பைவிட மோசமாகத் திரும்பி வந்தது. மறுபடி ஒரு ஊசி போட்டார்கள், அது மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. ஊசி போட்டால் வலி சீக்கிரம் குறையும், ஆனால் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் ஊசி போட்டுக்கொண்டவர்களைவிடப் போடாதவர்கள்தான் நன்றாக இருக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்து பார்த்திருக்கிறார்களாம். இதை யாராவது முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தால் தீபாவளிக்கு அவ்வளவு துணியை வாங்கியிருக்க மாட்டேன். வலி இல்லை என்பதால் ஆறிவிட்டது என்று நினைத்துக் கையை இன்னும் கெடுத்துக்கொண்டேன்.

அத்தை, முதல் நன்றி உங்களுக்கு. "ஊசியும் வேணாம் ஒண்ணும் வேணாம், கஞ்சித்தொட்டிக்குப் போ" என்று சொன்னது நீங்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரியை நம் பெரியவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். பஞ்ச காலத்தில் அந்த இடத்தில் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றியதால் வந்த பெயர். ஏழு மணிக்கே என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஓ.பி. சீட்டு வரிசையில் எனக்காக நின்றீர்கள். உங்களுக்கே மூட்டு வலி. அதை நான் மறக்கவில்லை.

ஸ்டான்லியில் பார்த்த டாக்டர் முதலில் கழுத்தைத்தான் சோதித்தார். கழுத்து நரம்பு அழுந்தினாலும் கையில் வலி வருமாம். பிறகு கையை நீட்டச் சொல்லி, நடுவிரலை மேலே தூக்கச் சொல்லி, அதைத் தன் விரலால் கீழே அழுத்தினார். நான் கத்திவிட்டேன். "டென்னிஸ் எல்போ" என்றார். நான் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை என்றேன். இது வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் டென்னிஸ் ஆடாதவர்கள்தான், தச்சர், பெயின்டர், சமையல்காரர், தையல்காரர் என்று கையால் பிழைக்கிறவர்கள் என்றார். ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்கள் இதைக் கேட்டதும், "சச்சினுக்கு வந்ததும்மா அது!" என்று சொல்லி எனக்குத் தைரியம் கொடுத்தார்கள். உண்மைதான். 2004-ல் அவருக்கு வந்து, 2005-ல் லண்டனில் ஆபரேஷன் செய்துகொண்டார். என்னிடம் டாக்டர், பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் தேவைப்படாது, ஆனால் மாதக்கணக்கில் பொறுமை தேவைப்படும் என்றார்.

பிசியோதெரபி மேடம், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அவ்வளவு பெரிய கூட்டத்தில் எனக்கு ஒரு விஷயத்தைப் புரியும்படி சொன்னீர்கள். மணிக்கட்டை மேலே தூக்குகிற தசை அந்த எலும்பு மேட்டில் போய் ஒட்டுகிறது. நாம் எதையாவது இறுக்கிப் பிடித்தால், மணிக்கட்டு தொய்ந்துவிடாமல் தாங்குவது அந்தத் தசைதான். கத்திரியைப் பிடிப்பது விரல், இழுபடுவது முழங்கை. 17 வருஷம் கத்திரி பிடித்த எனக்கு இதை யாரும் சொன்னதில்லை. அந்த ஒட்டும் இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு, நார் நைந்துபோயிருக்கிறது, அதனால் மெதுவாகத்தான் ஆறும் என்றீர்கள். நான் வாங்கி மாட்டியிருந்த பெல்ட்டைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் கழற்றி, எலும்பு மேட்டுக்கு இரண்டு விரல் கீழே, சதையின் மேல் நீங்களே கட்டிவிட்டீர்கள். நான் இரண்டு மாதமாக அதை எலும்பின் மேலேயே கட்டிக்கொண்டிருந்தேன்.

முழு ஓய்வு கொடுத்தாலும் ஆறாது என்று நீங்கள் சொன்னபோது நான் நம்பவில்லை. சும்மா வைத்தால் நார் இன்னும் பலமிழக்கும், தாங்கும் அளவுக்குப் பாரம் கொடுத்தால்தான் தேறும் என்றீர்கள். முதல் சில வாரம் கையை மேஜைமேல் வைத்து, இடது கையால் தடுத்துக்கொண்டு, மணிக்கட்டை அசைக்காமல் மேலே தள்ளி 45 வினாடி பிடிக்க வேண்டும், ஐந்து தடவை. அப்புறம் அரை லிட்டர் தண்ணி பாட்டில். இடது கையால் தூக்கி வைத்துவிட்டு, வலது கையால் மெல்ல மெல்ல இறக்க வேண்டும், 15 தடவை, மூன்று சுற்று. பத்துக்கு நாலு வரை வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும், அடங்காவிட்டால் பாரத்தைக் குறை. இந்தக் கணக்குதான் என்னைக் காப்பாற்றியது. என் மகள் பிளஸ் டூ படிப்புக்கு நடுவிலும் ரஃப் நோட்டில் தேதி போட்டு, வலிக்கு மார்க் போட்டு எழுதி வைத்தாள். ஜனவரியில் எல்லாம் ஆறும் ஏழும். ஏப்ரலில் இரண்டும் மூன்றும். சோர்ந்துபோன நாட்களில் அந்த நோட்டைத்தான் புரட்டுவேன். கண்ணு, அந்த நோட்டைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடாதே.

கட்டிங் மாஸ்டர் பாய், தங்கசாலைப் பக்கமிருந்து ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து நேராக என் கடைக்கு வந்தீர்கள். நீங்கள் என் கையைப் பார்க்கவே இல்லை, கத்திரியை எடுத்துப் பார்த்தீர்கள். "கத்திரி மொக்கையா இருந்தா, அந்த வேலையைக் கைதான்மா சேர்த்துச் செய்யணும்" என்றீர்கள். நடு ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தினீர்கள். சாணை பிடிக்கிறவரை வரவழைத்து இரண்டு கத்திரிக்கும் சாணை வைத்தீர்கள். பிறகு மேஜையைப் பார்த்து, இவ்வளவு தாழ்வாக இருந்தால் மணிக்கட்டு மடங்கித்தான் வெட்டும் என்று சொல்லி, நாலு காலுக்கும் அடியில் செங்கல் வைத்து உயர்த்தினீர்கள். போகும்போது உங்கள் பழைய கரண்டு கட்டரை, அந்த வட்ட பிளேடு போட்டதை, மேஜைமேல் வைத்துவிட்டு, "கை சரியானதும் குடு" என்று மட்டும் சொன்னீர்கள். யூனிஃபார்ம் துணியை இப்போதும் அதில்தான் வெட்டுகிறேன் பாய். எனக்கென்று ஒன்று வாங்க நானும் என் வீட்டுக்காரரும் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தெருவில் கடை வைத்திருக்கும் தையல்கார அக்கா, உங்களைப் பற்றித்தான் அதிகம் எழுத ஆசை. நமக்குள் பேச்சே கிடையாது. ஒரே வேலை, அடுத்தடுத்த தெரு, என் கஸ்டமர் உங்களிடம் வந்தால் எனக்கு வருத்தம், உங்கள் கஸ்டமர் என்னிடம் வந்தால் உங்களுக்கு. பொங்கலுக்கு முன்னால் 23 ஜாக்கெட் துணி வெட்டாமல் கடையில் கிடந்தது. ஒரு கல்யாணப் பெண்ணுக்கு மட்டுமே அதில் ஒன்பது. காலால் மெஷின் ஓட்ட எனக்கு முடிந்தது, துணியை நகர்த்த முடிந்தது, வெட்ட மட்டும் முடியவில்லை. யார் சொன்னார்களோ தெரியவில்லை, ராத்திரி ஒன்பதரைக்கு உங்கள் கடையைப் பூட்டிவிட்டு நீங்கள் வந்து நின்றீர்கள். "அளவு ஜாக்கெட்டையும் துணியையும் எடு, வெட்டிக் குடுத்துட்டுப் போறேன், நீ தைச்சுக்கோ." எட்டு ராத்திரி வந்தீர்கள். எனக்குக் கழுத்து இறக்கம் எப்படி, அக்குள் வளைவு எப்படி என்று கேட்டுக் கேட்டு, உங்கள் வழக்கத்தில் வெட்டாமல் என் வழக்கத்தில் வெட்டினீர்கள். அது எவ்வளவு கஷ்டம் என்று தையல் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். காசு கொடுத்தபோது டீக்கு மட்டும் வாங்கிக்கொண்டீர்கள். அத்தனை அளவு ஜாக்கெட்டும் உங்கள் கையில் இருந்தது. ஒருவரைக்கூட நீங்கள் உங்கள் கடைக்குக் கூப்பிடவில்லை. இத்தனை வருஷம் உங்களைப் பற்றி நான் மனசில் வைத்திருந்ததற்கெல்லாம் இங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் அக்கா.

அந்தக் கல்யாணப் பெண்ணின் அம்மாவுக்கும் நன்றி. மூன்று தடவை தேதி தள்ளிப் போட்டும் துணியைத் திருப்பிக் கேட்கவில்லை. காசிமேட்டிலிருந்து வரும் மீன்கார அக்கா, அன்றிலிருந்து எனக்கு மட்டும் மீனைக் கழுவி வெட்டித்தான் கொடுக்கிறீர்கள், கூலி வாங்குவதில்லை. கேரம் கிளப் தம்பிகளா, விடியற்காலையில் அடிபம்பில் என் குடங்களை வரிசையில் வைத்து, அடித்து, மாடிவரை கொண்டுவந்து கொடுத்தீர்கள். ஒரு நாள், இரண்டு நாள் யார் வேண்டுமானாலும் செய்வார்கள். நீங்கள் ஏழு மாதம் செய்தீர்கள். இப்போது நான் பாதிக் குடமாக, உள்ளங்கை மேலே பார்க்கும்படி பிடித்து, இரண்டு கையாலும் தூக்கிக்கொள்கிறேன். ஆனாலும் நீங்கள் விடுவதில்லை.

என் வீட்டுக்காரருக்கு இங்கே எழுதினால் கூச்சப்படுவார். துறைமுகத்தில் ஷிஃப்டு முடித்து வந்து, துணி துவைத்துப் பிழிந்து காயப்போட்ட மனிதர். மொட்டை மாடியில் மற்றவர்கள் பார்க்கிறார்களே என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

தையல், சமையல், பெயின்ட் வேலை செய்கிறவர்கள் யாருக்காவது முழங்கையின் வெளிப்பக்கம் இப்படி வலி ஆரம்பித்தால், பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்யாமல் சீக்கிரம் போய்க் காட்டுங்கள். விரல் மரத்துப்போனாலோ, கழுத்திலிருந்து வலி இறங்கினாலோ அதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நான் நாலு மாதத்தை வீணாக்கிவிட்டேன்.

பிசியோதெரபி மேடம், கடைசி தடவை வந்தபோது, "கை சரியானதும் எனக்கு ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுங்கள்" என்று சொல்லிப் பச்சைப் பட்டுத் துணியும் அளவு ஜாக்கெட்டும் கொடுத்தீர்களே, செவ்வாய்க்கிழமை நான் வெட்டியது அதைத்தான். தைத்து முடித்துவிட்டேன். ஹூக் மட்டும் பாக்கி. நாளைக்கு அதையும் வைத்துவிட்டு, வியாழக்கிழமை ஓ.பி. முடிகிற நேரத்துக்குக் கொண்டுவருகிறேன்.