அரைப் பக்கம் கேட்டு நான்காவது கடிதம்

பாடநூல் குழுவினருக்கு வணக்கம்.

வைரஸ் பாடத்தைப் பற்றி நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முதல் மூன்றும் உங்களிடம்தான் இருக்கும், அதனால் பழங்கதை வேண்டாம். இந்த முறை காரணம் ஒரு விடைத்தாள்.

'வைரஸ் ஓம்புயிர் செல்லை (தான் தங்கிப் பெருகும் உயிரின் செல்லை) எப்படித் தன்வசப்படுத்துகிறது?' என்பது கேள்வி. என் மாணவி ஃப்ளூ வைரஸை எடுத்துக்கொண்டாள். புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் நம் செல்லின் தூதுவ ஆர்.என்.ஏ தலையில் ஒரு வேதித் தொப்பி உண்டு. பெரும்பாலும் அதை வைத்துத்தான் ரிபோசோம் வந்து சேர்ந்து புரதம் செய்யத் தொடங்கும். ஃப்ளூ வைரஸுக்குத் தொப்பி செய்யத் தெரியாது. உட்கருவுக்குள் போய், செல்லின் ஆர்.என்.ஏ-யிலிருந்து தொப்பியை, அதன் கண்ணிகளான நியூக்ளியோடைடுகள் 10 முதல் 13 வரையோடு சேர்த்து நறுக்கித் தன் ஆர்.என்.ஏ-வுக்கு மாட்டிக்கொள்கிறது. செல்லின் செய்தி தலை போய்ச் சிதைகிறது. இதை எழுதி, படமும் வரைந்திருந்தாள்.

மதிப்பெண் பூஜ்யம். விடைக்குறிப்பில் இல்லையாம்!

விடைக்குறிப்பில் இருந்தது: 'நுழைந்து, பெருகி, செல்லை உடைத்து வெளியேறும்.' இதில் 'எப்படி' எங்கே இருக்கிறது? போதாக்குறைக்கு, ஃப்ளூ வைரஸ் செல்லை உடைத்து வெளியேறுவதில்லை. செல் சவ்வில் மொட்டுவிட்டுப் பிரிகிறது.

"நான் எழுதினது தப்பா சார்?" என்று கேட்டாள். "சரிதான்மா, ஆனா பரீட்சையில எழுதாதே" என்றேன். இத்தனை வருடத்தில் நான் வெட்கப்பட்ட பதில் இது ஒன்றுதான்.

மரபணு வெளிப்பாட்டுக்கு, அதாவது மரபணுவின் செய்தி புரதமாகும் கதைக்கு, ஒரு முழுப் பாடம் தருகிறீர்கள், வைரஸுக்கு இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. போலியோ வைரஸ், தொப்பிக்கும் ரிபோசோமுக்கும் பாலமான புரதத்தையே வெட்டிவிட்டு, தொப்பியே தேவைப்படாத தன் ஆர்.என்.ஏ-வைப் படிக்க வைக்கிறது. கொரோனா வைரஸின் என்.எஸ்.பி.1 புரதம் ரிபோசோமில் ஆர்.என்.ஏ நுழையும் வழியையே அடைத்துக்கொள்கிறது. 'ஓம்புயிர்' என்று அழகாகப் பெயர் வைத்தீர்கள். வந்த விருந்தாளி அடுப்படியைப் பிடித்துக்கொள்வதை மட்டும் சொல்லாமல் விட்டீர்கள். அட்டையில் முள் முளைத்த வைரஸ் வண்ணப்படத்துக்கு மட்டும் முழுப் பக்கம் கிடைத்திருக்கிறது, சந்தோஷம்.

ஆராய்ச்சி மாணவருக்கான விஷயம் என்று சொல்லிவிடாதீர்கள். அந்தத் தொப்பி நறுக்கும் நொதியைத் தடுக்கும் பலாக்சவிர் என்ற மருந்து 2018-இலேயே பயன்பாட்டுக்கு வந்துவிட்டது.

கோபத்தில் நீண்டுவிட்டது, மன்னிக்கவும். கேட்பது பழையதுதான்: அடுத்த பதிப்பில் இதற்கு அரைப் பக்கம். அப்புறம், புத்தகத்தில் இல்லாவிட்டாலும் சரியான விடைக்கு மதிப்பெண் தரலாம் என்று விடைக்குறிப்பில் ஒரு வரி.

படத்துக்கு ஆள் தேட வேண்டாம். அவள் வரைந்ததே நன்றாக இருக்கிறது. வேண்டுமென்றால் அவளிடம் கேட்டு அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியர்