வார்டு சிஸ்டருக்கும் ஒரு நூலக அட்டை

டெல்டா மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி முதல்வர்களுக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்கும் வணக்கம்.

மே 12 செவிலியர் தினத்தன்று நம் மருத்துவமனைகளில் நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மெழுகுவத்தி, உறுதிமொழி, கேக், குரூப் போட்டோ. நடக்கட்டும். மருத்துவக் கல்லூரி நூலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அன்றைக்கு நூலகத்துக்கும் ஒரு வேலை கொடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

நூலகங்களில் புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டூவி பகுப்பில் செவிலியத்துக்கு 610.73 என்ற எண். நான் இருந்த இடத்தில் அந்த அலமாரி நிறைய நல்ல புத்தகங்கள் இருந்தன. ஆனால் உறுப்பினர் அட்டை டாக்டர்களுக்கும் மாணவர்களுக்கும் மட்டும். வார்டு சிஸ்டர்கள் கேட்டால் விதியில் இடமில்லை என்று பதில் வரும். மாலையில் கதவைச் சாத்திவிட்டால் நைட் ட்யூட்டிக்காரருக்கு அந்த அலமாரி இருந்தும் இல்லாததுதான்.

கண்ணாடி விரியன் கடித்து ராத்திரி ஒருவரைத் தூக்கி வருகிறார்கள். நடவு, அறுப்புக் காலத்தில் நம் பக்கம் இது புதிதில்லை. இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையவில்லை என்றால் விஷம் ஏறியிருக்கிறது. பிளாஸ்டிக் குழாய் கூடாது, சோப்பு போட்டுக் கழுவிய குழாயும் கூடாது. இரண்டிலும் முடிவு தப்பாக வரலாம். பெரும்பாலும் குழாயைத் தேடி எடுத்து மணி பார்ப்பவர் சிஸ்டர்தான். அவருக்குச் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பார்? வார்டிலிருந்து வரும் கேள்விக்கு ஆதாரம் தேடி, அடுத்த ஷிஃப்டுக்குள் ஒரு பக்கத்தில் பதில் தருவது நூலகரின் வேலை. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் இணையதளம் 1997 முதல் இலவசம். ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கி, அரசுக் கல்லூரிகளுக்கு ஆயிரக்கணக்கான ஆய்விதழ்களைத் திறந்துவிட்டிருக்கிறது. உங்கள் கல்லூரிக்கு அது வந்திருந்தால் வார்டு கம்ப்யூட்டர் வரைக்கும் வரட்டும். வாசகரின் நேரத்தைச் சேமி என்று 1931இல் விதி எழுதிய நூலகவியல் அறிஞர் ரங்கநாதன், நம் சீர்காழிக்காரர்.

கொண்டாட்டத்துக்கு வருகிறேன். நைட்டிங்கேல் அம்மையாரை விளக்கோடு மட்டும் படம் போட்டு மாட்டுகிறோம். கிரிமியப் போரில் சிப்பாய்கள் காயத்தைவிடத் தொற்றுநோயில்தான் அதிகம் செத்தார்கள் என்று 1858இல் வரைபடம் போட்டுக் காட்டியவர் அவர். எழுதி வைத்த செவிலியர். அவர் பெயரால் நடக்கும் நாளில் நம் சிஸ்டர்களையும் எழுதச் சொல்லலாமே? படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொண்டது, பூச்சிமருந்து குடித்தவரைக் கண்காணித்தது, எலிக்காய்ச்சல் வார்டில் கவனித்தது. நோயாளி பெயர் வேண்டாம். அச்சடித்து, பைண்டு செய்து, பதிவேட்டில் ஏற்றி, அதே 610.73இல் வையுங்கள். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்புகள், கண் ஓவியங்களோடு, இன்றும் தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. வைத்தியர் குறிப்பைப் பாதுகாத்த ஊரில் செவிலியர் குறிப்புக்கு இடமில்லாமல் போகாது.

இந்த மே மாதத்துக்குள் செவிலியர்களுக்கு உறுப்பினர் அட்டை, ராத்திரியில் எடுத்துப் படிக்க வார்டு பக்கம் ஓர் அலமாரி, இவ்வளவுதான் கேட்கிறேன். பகுப்பெண் போட்டு அடுக்க ஆளில்லை என்றால் சொல்லி அனுப்புங்கள், பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நூலகர் ஒருவர்