பின்கதவில் நின்றவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர் ஹெலிகாப்டர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தின் ஹ்யூயி ஹெலிகாப்டர்களின் பங்கை விளக்கிய பகுதியை இரண்டு முறை படித்தேன். ஆனால் கட்டுரை முழுக்க விமானிகளே நிறைந்திருக்கிறார்கள். அவர்களோடு பறந்த மற்றவர்களுக்கு அரை வரிதான் கிடைத்திருக்கிறது. லாரி ஓட்டுநரின் பெயரைக் கேட்டுக்கொண்டு கிளீனரை ‘ஏய் தம்பி’ என்று கூப்பிடும் பழக்கம் நம் எழுத்திலும் வந்துவிட்டதோ என்று பட்டதால் எழுதுகிறேன்.

ஹ்யூயியில் பெரும்பாலும் நான்கு பேர் பறப்பார்கள். முன்னால் இரண்டு விமானிகள். பின்னால், கதவுகள் திறந்தே கிடக்கும் இரு பக்கங்களிலும் ஆளுக்கொரு இயந்திரத் துப்பாக்கியோடு இருவர். ஒருவர் கதவோரத் துப்பாக்கி வீரர், மற்றவர் க்ரூ சீஃப். இந்த க்ரூ சீஃப் பாடுதான் பெரும்பாடு. பகலெல்லாம் பறந்துவிட்டு, தரையிறங்கி விமானிகள் ஓய்வெடுக்கப் போன பிறகு அவருடைய இரண்டாவது வேலை ஆரம்பமாகும். எண்ணெய் கசிகிறதா என்று பார்க்க வேண்டும், கிரீஸ் போட வேண்டும், குண்டு துளைத்த தகட்டுக்கு ஒட்டுப் போட வேண்டும். மறுநாள் காலை அதே ஹெலிகாப்டரில் அவரே ஏறியாக வேண்டும். தான் முடுக்கிய திருகாணியை நம்பித் தானே பறக்கிறவரைவிடக் கவனமாக யார் முடுக்கிவிடப் போகிறார்கள்?

அப்படி ஒரு க்ரூ சீஃப் ராட்னி யானோ. 1943 டிசம்பரில் ஹவாய்த் தீவுகளில் கியலகெகுவா என்ற ஊரில், ஜப்பானிய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது அமெரிக்காவும் ஜப்பானும் போரில் இருந்தன. அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரைக் குழந்தை குட்டிகளோடு முகாம்களில் அடைத்து வைத்திருந்த காலம். அந்த வம்சத்துப் பிள்ளை வளர்ந்து அதே நாட்டின் ராணுவத்தில் சேர்ந்தார். 11ஆவது கவசக் குதிரைப்படை ரெஜிமென்டின் வான் பிரிவில் பணி. (பெயரில் மட்டும்தான் குதிரை. ஓடியவை டாங்கிகள், பறந்தவை ஹெலிகாப்டர்கள்.)

1969 ஜனவரி 1, புத்தாண்டு நாள். தென் வியட்நாமின் தலைநகராக இருந்த சைகோனுக்கு வடகிழக்கே பியன் ஹோவா பகுதியில் அடர்ந்த காட்டுக்குள் எதிர்த்தரப்பு பதுங்கியிருந்தது. வானிலிருந்து பார்த்துப் பீரங்கிகளுக்கு இலக்குச் சொல்லும் தளபதியின் ஹெலிகாப்டரில் யானோ அன்று க்ரூ சீஃப். மேலிருந்து பார்த்தால் மரங்களின் தலை மட்டும்தான் தெரியும். எங்கே சுட வேண்டும் என்று பீரங்கிக்காரர்களுக்குக் காட்ட யாராவது புகை போட்டு அடையாளம் வைத்தாக வேண்டும். கீழிருந்து சரமாரியாகச் சுட்டுக்கொண்டிருந்தபோது, மறைவே இல்லாத இடத்திலிருந்து யானோ திருப்பிச் சுட்டார். இடையிடையே புகைக் குண்டுகளையும் வெண்பாஸ்பரஸ் குண்டுகளையும் வீசினார். அவற்றில் ஒன்று உரிய நேரத்துக்கு முன்பே வெடித்துவிட்டது.

வெண்பாஸ்பரஸ் காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும். சதையில் ஒட்டினால் அரித்துக்கொண்டே உள்ளே போகும். தண்ணீர் ஊற்றினால் அடங்கி, ஈரம் காய்ந்ததும் மறுபடியும் எரியத் தொடங்கும். அது யானோவின் உடல் மீது சிதறியது. ஒரு கை பயனற்றுப் போனது, பார்வையும் பாதி போயிற்று. எரியும் துணுக்குகள் உள்ளே இருந்த வெடிபொருள்கள் மீது விழ, அவையும் வெடிக்க ஆரம்பித்தன. வெண்புகை அடைத்துக்கொண்டதில் விமானிக்குக் கண் தெரியவில்லை. ஹெலிகாப்டர் அவர் கட்டுப்பாட்டை மீறிப் போய்விட்டது.

மிச்சமிருந்த ஒரு கையால் யானோ எரிகிற வெடிபொருள்களை எடுத்து எடுத்து வெளியே எறிந்தார். எறிய எறிய அவருக்கு மேலும் காயம். ஆபத்து நீங்கும்வரை நிறுத்தவில்லை. மற்றவர்கள் உயிர் தப்பினார்கள். 25 வயது யானோ அந்தக் காயங்களால் இறந்துபோனார். கண் சரியாகத் தெரியாத நிலையில் இது எப்படி முடிந்தது? என் ஊகம் இதுதான்: எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள க்ரூ சீஃபுக்குக் கண் வேண்டியதில்லை. ஏற்றி அடுக்குவதே அவர் வேலைதானே.

அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப்பதக்கமான மெடல் ஆஃப் ஹானர் 1970இல் அவர் குடும்பத்தாரிடம் வழங்கப்பட்டது. ராணுவ வண்டிகளை ஏற்றிச் செல்லும் கப்பல் ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஹொனலுலுவில் உள்ள தேசியக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாகியிருக்கிறார்.

அந்தப் போருக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் நினைக்க வேண்டாம். யானோ புகை போட்டுக் காட்டிய இடங்களிலும் மனிதர்கள்தான் இருந்தார்கள், அவர்கள் தங்கள் மண்ணில் நின்றவர்கள். பதக்கத்துக்கான பாராட்டுரையில் அவர்களைப் பற்றி ஒரு சொல்கூட அனுதாபமாக இருக்காது, இருக்கும் என்று எதிர்பார்ப்பதும் பேதைமை. ஆனாலும் அவருடைய கடைசி நிமிடங்கள் யாரையும் கொல்வதில் கழியவில்லை. கூட இருந்தவர்களைக் காப்பாற்றுவதில் கழிந்தன. போரை வெறுக்கிற நானும் அந்த மனிதரை மதிக்கிறேன்.

அதே போரில் பறந்த கேரி வெட்ஸல் என்ற கதவோரத் துப்பாக்கி வீரரையும் குறிப்பிட வேண்டும். 1968 ஜனவரி 8 அன்று அவருடைய ஹெலிகாப்டர் இறங்கிய இடத்திலேயே சிக்கிக்கொண்டது. அடிபட்ட விமானிக்கு உதவப் போனவர் ராக்கெட் வெடித்து வயலில் தூக்கி வீசப்பட்டார். இடது கை போய்விட்டது. தட்டுத் தடுமாறித் தன் துப்பாக்கிக்கே திரும்பி வந்து சுட்டார். பிறகு மயங்கி விழுந்து, நினைவு வந்ததும் மறுபடி விமானியை நோக்கித்தான் போனார். அவரும் அதே பதக்கம் பெற்றார், உயிரோடு பெற்றார். ஊர் திரும்பிச் செயற்கைக் கையோடு கனரக இயந்திரங்களை இயக்கிப் பிழைத்தார். கட்டுரையாளருக்கு இடம் போதவில்லை என்றால் இவருக்காகவாவது நாலு வரி ஒதுக்கியிருக்கலாம்.

நம் நாட்டுக் கதைக்கு வருகிறேன். 1999 மே 28, கார்கில் போர். டோலோலிங் அருகே நம் விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. அதில் இருந்தவர்கள் ஸ்குவாட்ரன் லீடர் ராஜீவ் புந்தீர், ஃப்ளைட் லெப்டினன்ட் எஸ். முகிலன், சார்ஜென்ட் பி.வி.என்.ஆர். பிரசாத், சார்ஜென்ட் ஆர்.கே. சாஹு. நால்வருக்கும் மறைவுக்குப் பின் வாயு சேனா பதக்கம் அளிக்கப்பட்டது. பதக்கம் தருவதில் அரசு முன் இருக்கை, பின் இருக்கை என்று பார்க்கவில்லை. உங்கள் கட்டுரையோ முதல் இரண்டு பெயர்களோடு நின்றுவிட்டது.

ஜூலை 26 கார்கில் நாளையொட்டி நீங்கள் கட்டுரை வெளியிடுவது வழக்கம். இந்த ஆண்டு நான்கு பெயர்களையும் ஒரே அளவு எழுத்தில் அச்சிடுங்கள். ஃப்ளைட் இன்ஜினியராகவும் ஃப்ளைட் கன்னராகவும் பறந்து ஓய்வு பெற்றவர்கள் உங்கள் வாசகர்களிலேயே இருப்பார்கள். அவர்களுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கி எழுதச் சொன்னால், எங்களுக்கும் படிக்கப் புதிதாக ஏதாவது கிடைக்கும்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகன்