ஞாயிறு செய்தி வாசிக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

சென்ற ஞாயிறு மாலை, குசினி மேசையில் வானொலியை வைத்துவிட்டு நானும் மனைவியும் உம்முடைய செய்தித் தொகுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தோம். விசா மறுக்கப்பட்டு நாடுகடத்தலை எதிர்நோக்கியிருக்கும் ஆட்களைப் பற்றிய செய்தியில் "சட்டவிரோதக் குடியேறிகள்" என்ற சொற்றொடரை நீர் நான்கு தடவை சொன்னீர். எண்ணியது நான் அல்ல, மனைவி. அன்றிரவே உம்மை அழைத்துக் கேட்டபோது, "அங்கிள், ஆங்கிலச் செய்தியில் இருந்ததைத்தான் தமிழில் போட்டேன்" என்றீர். நேர்மையான பதில்தான். ஆனாலும் தொலைபேசியில் கதைத்து முடிக்கக்கூடிய விடயமாக இது எனக்குத் தெரியவில்லை. இதே பதிலைச் சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே இன்னும் பலர் இருப்பதால், உம்முடைய பெயரைக் குறிப்பிடாமல் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அவுஸ்திரேலியாவின் 1958ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம், விசா இல்லாமல் இங்கே இருப்பவரைச் சட்டபூர்வ நிலை இல்லாத வெளிநாட்டவர் என்றே வகைப்படுத்துகிறது. அது ஒருவருடைய நிலையைக் குறிக்கும் சொல். அவர் செய்த குற்றத்தின் பெயர் அன்று. விசா இல்லாமல் வந்திறங்கிப் புகலிடம் கேட்பது இந்த நாட்டில் குற்றச்செயல் ஆகாது. உயிருக்கு அஞ்சி வருபவரை நுழைந்த முறைக்காகத் தண்டிக்கக் கூடாது என்று 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தின் 31ஆவது உறுப்புரை சொல்கிறது. அவுஸ்திரேலியா அதில் ஒப்பமிட்ட நாடு. அப்படியிருக்க, 2013 ஒக்டோபரில் அப்போதைய குடிவரவு அமைச்சர் ஸ்கொட் மொரிசன், படகில் வந்தவர்களைச் "சட்டவிரோதமாகக் கடல்வழி வந்தவர்கள்" என்று எழுதுமாறு தம்முடைய திணைக்களத்தாருக்கு அறிவுறுத்தினார். அதிகாரிகளின் அறிக்கையில் ஏறிய சொல் செய்தித்தாளுக்கு வந்தது, செய்தித்தாளிலிருந்து உம்முடைய ஒலிவாங்கிக்கு வந்தது. ஒரு செய்தியை மொழிபெயர்ப்பதாக நினைத்துக்கொண்டு ஓர் அமைச்சரின் கட்டளையை மொழிபெயர்த்துவிட்டீர்.

சொல்லுக்கு முன்பே இந்நாட்டு ஆட்சியாளர்கள் படத்தைக் கையாளக் கற்றிருந்தார்கள். 2001 ஓகஸ்டில், மூழ்கவிருந்த படகொன்றிலிருந்து 430க்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றிய டம்பா என்ற நோர்வே சரக்குக் கப்பலைக் கரைக்கு விடாமல், அதற்குள் சிறப்புப் படையினரை ஏற்றினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில், தேர்தல் அறிவிக்கப்பட்டு இரண்டொரு நாளில், படகில் வந்த பெற்றோர் தம் குழந்தைகளைக் கடலில் வீசினார்கள் என்று குடிவரவு அமைச்சர் பிலிப் ரடொக் சொன்னார். பாதுகாப்பு அமைச்சர் பீற்றர் ரீத் சான்றாகப் படங்களை வெளியிட்டார். அந்தப் படங்கள் மறுநாள் படகு மூழ்கியபோது கடற்படையினர் மக்களைக் காப்பாற்றிய வேளையில் எடுக்கப்பட்டவை. திகதியும் விளக்கக் குறிப்பும் இல்லாமல் அவை மக்கள் முன் வைக்கப்பட்டன. சொன்னது உண்மையல்ல என்று வாக்களிப்புக்கு மூன்று நாள் முன்னர் இராணுவத்தின் உயர் அதிகாரியே ரீத்திடம் தெரிவித்திருந்தும் திருத்தம் வெளிவரவில்லை. நவம்பர் 10ஆம் திகதி பிரதமர் ஜோன் ஹவார்டின் கூட்டணி வென்றது. எந்தக் குழந்தையும் வீசப்படவில்லை என்று செனற் விசாரணைக் குழு எழுதியபோது 2002 ஒக்டோபர் ஆகியிருந்தது.

அந்த விசாரணையில் பாதுகாப்புத் திணைக்களத்தின் தகவல் பிரிவுத் தலைவர் கொடுத்த சாட்சியம் ஒன்றை நான் மறக்கவில்லை. புகலிடம் கோருவோரை மனிதராகக் காட்டக்கூடிய, அவர்கள் மேல் இரக்கம் வரக்கூடிய படங்கள் வெளியாகாமல் பார்த்துக்கொள்ளுமாறு அமைச்சரின் அலுவலகம் வழிகாட்டியிருந்தது என்பதே அது. முகம் தெரிந்தால் என்ன நடக்கும் என்பது எங்களைவிட அவர்களுக்கு நன்றாக விளங்கியிருந்தது. கடலில் வீசப்படாத குழந்தைகளைப் பற்றி நாடு முழுவதும் கதைத்துக்கொண்டிருந்த அதே ஒக்டோபரின் 19ஆம் திகதி, இந்தோனேசியாவிலிருந்து புறப்பட்ட இன்னொரு படகு மூழ்கி 353 பேர் இறந்தார்கள். அவர்களுள் 146 பேர் குழந்தைகள். அந்தக் குழந்தைகளின் முகங்களை இங்கே எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

வெள்ளைக்காரரின் சூழ்ச்சி, நமக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று தப்பிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. "கள்ளத்தோணி" என்ற சொல்லை நீர் கேட்டிருப்பீரா தெரியாது. நீர் பிறந்தது மெல்பேர்ணில். இந்தியாவிலிருந்து களவாகத் தோணியில் வந்தவர் என்று மலையகத் தமிழரை ஏசும் சொல் அது. நான் வளர்ந்த யாழ்ப்பாணத்தில் சாதாரணமாக வாயில் வந்தது. எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் மலையகத்திலிருந்து கூட்டிவரப்பட்ட சிறுமி ஒருத்தி வேலைக்கு நின்றாள். அவளுடைய பெற்றோரும் பாட்டன் பாட்டியும் தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்தவர்கள். தோணியை அவள் கண்டிருக்கவே மாட்டாள். அவளைக் கள்ளத்தோணி என்று கூப்பிட்ட சிறுவர் கூட்டத்தில் நானும் இருந்தேன்.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. 1947 தேர்தலில் ஏழு உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மலையக மக்களை, 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் ஒரே அடியாக நாடற்றவர்களாக்கியது. தந்தை செல்வா தமிழ்க் காங்கிரசை விட்டு விலகி 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு இந்தப் பிரச்சினையும் ஒரு காரணம். ஆனால் ஒழுங்கைகளில் சொல் மாறவில்லை. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்கள் பங்கிடப்பட்டார்கள். அதையும் யாரும் நாடுகடத்தல் என்று சொல்லவில்லை. "தாயகம் திரும்புதல்" என்று அழகான பெயர் சூட்டினார்கள். தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச்சென்ற இரயிலுக்கு மலையகத்தார் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. அரசு கொடுத்த சொல்லையும் சனம் கொடுத்த சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பாரும். மொழிபெயர்ப்பில் எதை எடுப்பது என்பது உம்முடைய தெரிவுதான்.

நான் இந்த நாட்டுக்கு 1989இல் விமானத்தில், கடவுச்சீட்டில் விசா குத்தி, கணக்காளனாக வந்தேன். 2012இல் படகுகள் அதிகமாக வந்தபோது, வரிசையில் நிற்காமல் முந்துகிறார்கள் என்று நானும் கோயில் மண்டபத்தில் நின்று சொல்லியிருக்கிறேன். எந்த வரிசை என்று அப்போது எவரும் என்னைக் கேட்கவில்லை. வன்னியில் எந்தக் கட்டடத்தின் முன்னால் அந்த வரிசை தொடங்கியது என்று கேட்டிருந்தால் நான் திணறியிருப்பேன். அதுவும் யாரோ எழுதிக் கொடுத்த சொல், நான் சொந்தக் கருத்து என்று நம்பிக் காவித் திரிந்தது. அந்த ஆண்டுகளில் அவுஸ்திரேலிய அரசாங்கம் இலங்கையருக்கென்று ராசிபலன் வேறு தயாரித்தது: படகேறினால் ஒவ்வொரு ராசிக்காரருக்கும் கெடுபலன். நம் ஆட்களின் பலவீனத்தை அறிந்த எவரோ அந்தத் திணைக்களத்தில் இருந்திருக்கிறார் என்று நினைத்து நான் சிரித்ததுண்டு.

பிலோயிலா குடும்பத்தின் கதை உமக்குத் தெரியும். அவர்கள் திரும்பி வந்தபோது மகிழ்ச்சியோடு செய்தி வாசித்தவர் நீர். இருந்தாலும் அதன் நடுப்பகுதியை நினைவுபடுத்துகிறேன். வெவ்வேறு படகுகளில் 2012இலும் 2013இலும் வந்த இலங்கைத் தமிழர் இருவர் இங்கே மணம் முடித்து, மத்திய குயின்ஸ்லாந்தில் ஆறாயிரம் பேர்கூட இல்லாத பிலோயிலா என்ற ஊரில் குடியிருந்தார்கள். தகப்பன் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தார். பிள்ளைகள் இருவரும் குயின்ஸ்லாந்தில் பிறந்தவர்கள். ஆனாலும், இங்கே பிறந்தால் குடியுரிமை என்ற விதி 1986இலேயே போய்விட்டதாலும், பெற்றோரின் நிலை பிள்ளைகளுக்கும் ஒட்டும்படி சட்டம் திருத்தப்பட்டிருந்ததாலும், கடலையே காணாத அந்தக் குழந்தைகளும் அனுமதியின்றிக் கடல்வழி வந்தவர்களாகவே கருதப்பட்டார்கள். 2018 மார்ச் 5ஆம் திகதி விடியற்காலை அதிகாரிகள் கதவைத் தட்டினார்கள். 2019 ஓகஸ்டில் அவர்களை ஏற்றிய விமானம் பறந்துகொண்டிருக்கையில் நீதிமன்றம் தொலைபேசி வழியாகத் தடை விதித்தது. விமானம் டார்வினில் இறங்கியது, குடும்பம் கிறிஸ்மஸ் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டது.

அந்த வாரங்களில் அப்போதைய உள்துறை அமைச்சர் பீற்றர் டட்டன் வானொலியில் "நங்கூரக் குழந்தைகள்" என்ற சொல்லை எடுத்தார். பழைய உத்தி: பிள்ளையைப் பிள்ளை என்று சொல்லாதே, பெற்றோரின் கருவி என்று சொல். இம்முறை அது எடுபடவில்லை. ஊரவர்கள், அதுவும் பழமைவாதக் கட்சிக்கு வாக்களித்துப் பழகிய நாட்டுப்புறத்தவர்கள், அந்தப் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். லட்சக்கணக்கானோர் மனுவில் ஒப்பமிட்டார்கள். படகில் வந்தோருக்குப் பரிந்து பேசியே அறியாத வானொலி அறிவிப்பாளர் அலன் ஜோன்ஸ்கூடத் தம் நிகழ்ச்சியில் குடும்பத்தின் பக்கம் நின்றார். பிள்ளைகளின் பெயர்கள் ஜேன், சாலி என்று இருந்திருந்தால் திருப்பி அனுப்ப இரண்டு தடவை யோசித்திருப்போம் என்று தேசியக் கட்சியின் பார்னபி ஜோய்ஸ் சொன்னார். 2021 ஜூனில், நோயுற்று மருத்துவமனைக் கட்டிலில் அழும் தங்கைக்கு அக்கா முத்தம் கொடுக்கும் படம் வந்த பிறகு, அரசாங்கத்துக்குப் பதில் சொல்ல வாயில்லாமல் போனது. 2002இல் செனற்றில் சொல்லப்பட்ட சாட்சியத்தின் மறுபக்கம் அந்தப் படம்.

இனி நீர் கேட்கக்கூடிய கேள்வி: அப்படியென்றால் விசா இல்லாத எவரையும் எப்போதும் திருப்பி அனுப்பவே கூடாதா? அப்படி நான் சொல்லவில்லை. யார் தங்கலாம் என்று முடிவெடுக்கும் உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு. எல்லாக் கோரிக்கைகளும் வெல்லும் என்றும் இல்லை. பிலோயிலாப் பெற்றோரின் கோரிக்கைகளே படிப்படியாக நிராகரிக்கப்பட்டவைதான். சட்டம் சட்டம்தான் என்று சொல்பவரை நான் கொடியவராகக் கருதவில்லை. ஒரு மனிதரைப் பற்றிய தீர்ப்பைச் செய்தி வாசிப்பவர் முதல் வாக்கியத்தின் எழுவாயிலேயே எழுதி வைத்துவிட வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

செய்தி வாசிப்பவர் கவனமாக இருக்கவேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022 மே 21, வாக்களிப்பு நாள். இலங்கையிலிருந்து வந்த படகொன்று இடைமறிக்கப்பட்டது என்று எல்லைப் படை அன்று பகல் அறிக்கை வெளியிட்டது. சற்று நேரத்தில், எல்லையைக் காக்க லிபரல் கட்சிக்கு வாக்களியுங்கள் என்று வாக்காளர்களின் கைபேசிகளுக்குக் குறுஞ்செய்திகள் பறந்தன. அந்த அறிக்கையை அவசரமாக வெளியிடுமாறும், தெரிந்தெடுத்த ஊடகவியலாளர்களுக்கு அனுப்புமாறும் அமைச்சரின் அலுவலகம் அதிகாரிகளை நெருக்கியதையும், ஊடகவியலாளர்களுக்கு அனுப்ப அதிகாரிகள் மறுத்ததையும் பின்னர் திணைக்களத்தின் சொந்த விசாரணையே பதிவு செய்தது. படகில் இருந்தவர்கள் நம் நாட்டிலிருந்து புறப்பட்டவர்கள். அவர்கள் யார், ஏன் ஏறினார்கள் என்று அந்தக் குறுஞ்செய்தியில் ஒரு சொல் இல்லை. தேர்தலில் ஆட்சி மாறியது. ஆறு நாளில் பிலோயிலா குடும்பத்துக்கு ஊர் திரும்ப அனுமதி கிடைத்தது. நாமும் கொண்டாடினோம், பிறகு மறந்தோம்.

ஏனென்றால் மீதிப் பேருக்குப் படம் இல்லை. அதே காலத்தில் படகில் வந்து, பெரும்பாலும் நேரில் கேளாமல் காகிதத்தைப் பார்த்தே மறுபரிசீலனையை முடித்த, 2024 வரை இருந்த துரித நடைமுறையில் மறுக்கப்பட்டு, நிலையான விசா இல்லாமல் பத்தாண்டுக்கு மேலாகக் காத்திருப்போர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 2023இல் அவர்களுக்காக 22 பெண்கள் மெல்பேர்ணிலிருந்து கன்பராவுக்கு 600 கிலோமீற்றருக்கு மேல் நடந்தே போனார்கள். அவர்களில் நம் பெண்களும் இருந்தார்கள். பெரிய தொலைக்காட்சிகள் ஒதுக்கிய நேரம் சொற்பம். அதற்கு அவர்களைக் குறைசொல்லும் நான், நம் வானொலிகள் எத்தனை நிமிடம் ஒதுக்கின என்றும் கேட்கத்தானே வேண்டும்?

உமக்கு வேண்டிய சொற்கள் தமிழில் இருக்கின்றன. "புகலிடம் கோரியவர்கள்" என்று சொல்லும். கோரிக்கை தோற்றிருந்தால் "விசா மறுக்கப்பட்டவர்கள்" என்று சொல்லும். விசா முடிந்தும் தங்கியிருப்பவர் என்றால் அதையே சொல்லும். அப்படித் தங்கியிருப்பவர்களில் பெரும்பாலோர் விமானத்தில் வந்தவர்கள் என்பதையும் ஒரு நாள் சேர்த்துச் சொல்லும். அமைச்சர் "சட்டவிரோதம்" என்று சொன்னால், அமைச்சர் அப்படிச் சொன்னார் என்று அவர் வாயில் வைத்தே வாசியும். இதற்கெல்லாம் நேரமோ பணமோ செலவாகாது.

ஒன்று மட்டும் உமக்குத் தெரியாமல் இருக்கும். சென்ற மாரியில் எங்கள் வீட்டுக் கூரையின் ஒழுக்கை அடைத்துத் தந்தவர் அப்படிப்பட்ட ஒருவர். வந்து பன்னிரண்டு வருடம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கும் தற்காலிக விசா. கிளிநொச்சியில் விட்டுவந்த மகள் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாளாம். ஏணியில் நின்றபடி கைபேசியில் தமிழ் வானொலி போட்டிருந்தார். ஞாயிறு மாலைச் செய்தியைத் தான் ஒருநாளும் தவறவிடுவதில்லை என்றும், அந்தத் தம்பியின் உச்சரிப்புத் தனக்கு மிகவும் பிடிக்கும் என்றும் சொன்னார்.

அன்புடன்,
குசினி வானொலியின் நேயர்